புறப்பாட்டை நிறுத்தும் பிள்ளையிடம் காசு கேட்காதீர்கள்

விமானி பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், அங்கே சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் திருகோணமலையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். விமானத்தைப் பற்றிப் பேச எனக்கிருக்கும் தகுதி 23 மணித்தியாலப் பறப்பும் ஒரு விபத்தும். பதினொரு வருடத்துக்கு முந்தைய கதை. இவ்வளவு காலமும் வாயைத் திறக்கவில்லை. இப்போது என் அக்காவின் மகள் பைலட் ஆகப் போகிறேன் என்று நிற்கிறாள். அடுத்த மாதம் உங்களில் ஒருவரிடம் வந்து சேரப் போகிறாள். அதனால் எழுதுகிறேன்.

எந்தப் பள்ளியில் படித்தேன், எந்த ஓடுபாதையில் விழுந்தேன், யார் என் ஆசிரியர் என்பதெல்லாம் இந்த மடலில் வராது. அந்த மனிதர் கெட்டவரும் இல்லை. நான் சொல்லப் போவது ஒரு பழக்கத்தைப் பற்றி: எழும்ப ஓடத் தொடங்கிவிட்டு இடையில் நிறுத்துகிற மாணவனிடமும் அந்த நிமிடங்களுக்குக் காசு வாங்குகிற பழக்கம். அது ஒரு பள்ளிக்கு மட்டும் சொந்தமானது என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விமானம் புதினமில்லை. சீனன்குடாவில் விமானப்படையின் கல்லூரி இருக்கிறது. சின்ன வயதில் தம்பலகாமப் பக்கம் மாமா வீட்டு வயலில் நின்றால் பயிற்சி விமானங்கள் வட்டமடிப்பதைப் பார்க்கலாம். 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி யப்பான்காரன் வந்து குண்டு போட்ட கதையை அம்மம்மா நேற்று நடந்ததுபோலச் சொல்லுவா. இந்த ஊருக்கு விமானம் என்றால் ஆசையும் உண்டு, வயிற்றைக் கலக்குகிற நினைப்பும் உண்டு. 2020 டிசம்பரில் சீனன்குடாவிலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று கந்தளாயில் விழுந்து ஓர் இளம் பயிலுநர் இறந்தார். 2023 ஓகஸ்ட் 7-ஆம் திகதி, காலை 11.25-க்கு எழும்பிய பி.டி. 6 ரக இன்னொரு பயிற்சி விமானம் இரண்டொரு நிமிடத்தில் அங்கேயே விழுந்து இருவர் இறந்தார்கள். அந்த மரணங்களை என் வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்த நான் வரவில்லை. அந்தக் குடும்பங்களின் துக்கம் வேறு. என் கதை மிகச் சின்னது, நான் உயிரோடு இருக்கிறேன். அதனால்தான் அதை விலாவாரியாகச் சொல்ல முடிகிறது.

முதலில் குளவிக் கதை.

விபத்துக்குப் பத்து நாள் முன்பு, ஆசிரியர் பக்கத்தில் இருக்க, நான் ஓடுபாதையில் ஓட ஆரம்பித்தேன். ஓட்டம் தொடங்கிக் கொஞ்சத்தில் வேகமானியின் முள் அசைய வேண்டும். அசைந்ததும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். முள் அசையவில்லை. நான் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கிற த்ரொட்டிலை இழுத்து, பிரேக் பிடித்து நிறுத்தினேன். திரும்பி வந்து பார்த்தால், இறக்கைக்குக் கீழே காற்றை உள்வாங்குகிற குழாயில் மண் குளவி கூடு கட்டியிருந்தது. முதல் நாள் யாரோ சிவப்பு நாடா கட்டிய உறையைப் போட மறந்துவிட்டார்கள். ஒரு இரவு போதும் குளவிக்கு. விசாரித்தால் உலகம் முழுக்க இந்தப் பூச்சிக்கு இதே வேலைதான்.

நான் செய்தது சரி. புத்தகத்தில் உள்ளபடி சரி. ஆனால் புறப்படும் முன்னர் குழாயைப் பார்த்திருக்க வேண்டியவனும் நான்தான், அதனால் ஆசிரியர் ஏசினார். அதுவும் சரி. அதன் பிறகு நடந்ததைத்தான் கேட்க வேண்டும். அலுவலகத்தில் பில் போட்டார்கள், 0.3 மணித்தியாலம். எஞ்சின் ஓடத் தொடங்கினால் மீட்டரும் ஓடும், பத்தில் ஒரு பங்கு என்றால் ஆறு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் நான் பறக்கவே இல்லை. ஆனால் என் அப்பா ஒரு கிழமை கடலுக்குப் போய் வந்து கையில் மிஞ்சுகிற காசு அதில் போனது. அம்மாவின் தாலிக்கொடி அடகில் இருந்த காலம் அது. பின்னேரம் தேநீர்க் கடையில் மற்றப் பெடியள் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'பிரேக்'. "என்ன பிரேக், இன்றைக்கு மேலே போனியா?" ஆசிரியரும் அதைக் கேட்டுச் சிரித்தார். பகிடிதான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பத்து நாள் கழித்து நான் தனியாகப் பறந்தேன். மூன்று சேர்க்கிட் போட வேண்டும். எழும்பி, ஒரு வட்டம் அடித்து, இறங்கி, மறுபடியும். முதல் இரண்டும் நன்றாகவே போயின.

நான் கட்டை. பெடல் எட்டவேண்டும் என்றால் இருக்கையை நன்றாக முன்னுக்குத் தள்ள வேண்டும், மூக்குக்கு மேலால் பார்க்கவேண்டும் என்றால் கீழே குஷன் வேண்டும். அம்மா ஒரு குஷன் தைத்துத் தந்திருந்தா, பழைய சாறித் துணியில், மாம்பழ மஞ்சள். இரண்டாவது இறக்கத்தில் அது கொஞ்சம் நழுவிவிட்டது. ஓடுபாதைக்குப் போகும் வழியில் நிறுத்தி, குஷனைச் சரிசெய்து, இருக்கைக்கு முன்னால் கீழே இருக்கும் இரும்புப் பிடியைத் தூக்கி, மறுபடி முன்னுக்குத் தள்ளினேன்.

அந்த இருக்கை எப்படி நிற்கிறது என்று தெரியாதவர்களும் இந்த மடலை வாசிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் இரண்டு தண்டவாளம். தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள். பிடியை விட்டதும் ஓர் ஊசி துளையில் விழும். காதில் ஹெட்செட் இருப்பதால் சத்தம் கேட்காது, ஆனால் தொடையில் ஒரு 'டக்' தெரியும். அதற்குப் பிறகு இடுப்பால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் ஊசி ஏறி இறங்கித் துளை வட்டம் போய் முட்டை வடிவமாகிவிட்டால், ஊசி விழுந்ததுபோல இருக்கும். உண்மையில் விளிம்பில் குந்தியிருக்கும். நான் ஒரு மெக்கானிக், இப்போது இதையெல்லாம் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அந்த 'டக்' அரைவாசிதான் வந்தது என்பது மட்டும்.

அரைவாசிதான் வந்தது என்று எனக்குத் தெரிந்தது. இதை ஒளிக்க மாட்டேன். இன்னொரு தடவை தூக்கி இறக்கியிருக்கலாம். பின்னால் இன்னொரு விமானம் காத்துக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அனுமதி வந்துவிட்டது. மீட்டரின் கடைசி இலக்கம் உருண்டு அடுத்ததுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் தேநீர்க் கடை. "என்ன பிரேக்..."

போனேன்.

த்ரொட்டில் முழுக்க உள்ளே. முள் அசைந்தது, வாய்விட்டுச் சொன்னேன். 55 நொட் வேகம் வரும்போது, மூக்கை எழுப்புகிற கைப்பிடியை மெல்ல இழுக்க வேண்டும், இழுத்தேன். மூக்கு எழும்பிய அந்த நொடியில் இருக்கை பின்னால் போனது. பள்ளிக்கூடத்தில் உட்காரப் போகும்போது கதிரையை இழுத்துவிடுவார்களே, அந்த மாதிரி. கால் பெடலை விட்டுப் போய்விட்டது. இடது கை கைப்பிடியைப் பிடித்தபடியே என்னோடு பின்னால் வந்தது, மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. விழப் போகிறவன் கையில் அகப்பட்டதை விடமாட்டான், அது மனிதக் கை செய்கிற வேலை. சின்னப் பிள்ளை ஊதுகிற ஊதுகுழல் மாதிரி ஸ்டோல் ஹோர்ன், இறக்கை தூக்குவிசையை இழக்கப் போகிறது என்று எச்சரிக்கிற கருவி, அழத் தொடங்கியது. மூக்கை நேரே வைக்க வலது காலால் அமத்திக்கொண்டிருந்த பெடல் இல்லாததால் விமானம் இடது பக்கம் இழுத்தது. இடது இறக்கை சாய்ந்தது.

என்னைக் காப்பாற்றியது வலது கை. எழும்பி முடியும்வரை த்ரொட்டிலிலிருந்து கையை எடுக்காதே என்று ஆசிரியர் நூறு தடவை சொல்லியிருந்தார். அந்தக் கையும் என்னோடு பின்னால் வந்தபோது த்ரொட்டிலும் சேர்ந்து வந்தது. விசை குறைந்தது. அதனால் இரண்டாள் உயரத்துக்கு மேல் நான் போகவில்லை. நூறு அடியில் இது நடந்திருந்தால் இந்த மடலை என் அக்கா எழுதியிருப்பா.

இடது சக்கரம் முதலில் அடித்தது, பிறகு இறக்கை நுனி, பிறகு மூக்கு. புல்லில் போய் நின்றபோது பெற்றோல் மணம் வந்தது. சுவிட்சுகளை அணைக்க வேண்டும் என்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை. தீயணைப்பு வண்டியில் ஓடிவந்த ஒருவர்தான் "மல்லி, மல்லி" (சிங்களத்தில் தம்பி) என்று கூப்பிட்டபடி கையை உள்ளே விட்டு எல்லாவற்றையும் அணைத்தார். காறை எலும்பு முறிவு, புருவத்தில் 11 தையல். என்னை இறக்கி வைத்த இடத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் குஷன் கொஞ்சம் தள்ளிப் புல்லில் கிடந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

விசாரணையில் எழுதினார்கள்: மாணவர் இருக்கை பூட்டியுள்ளதா என்று உறுதிசெய்யவில்லை. உண்மை. நான் கையெழுத்துப் போட்டேன்.

எழுதாமல் விட்டதும் ஒன்று உண்டு. முந்தின கிழமை இன்னொரு மாணவன் அதே இருக்கையைப் பற்றி வாயால் சொல்லியிருந்தான். அடுத்தவனிடம், "ஐசே, அந்த சீட் கொஞ்சம் வழுக்குது, பார்த்துக்கொள்" என்று. விமானத்தின் குறைகளை எழுதிவைக்கிற டெக் லொக் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. ஏன் எழுதவில்லை என்று பிறகு கேட்டேன். எழுதினால் விமானம் நிற்கும், நின்றால் அந்தக் கிழமை எல்லோருடைய பறப்பும் போகும், அவனை எல்லோரும் தின்றுவிடுவார்கள். இன்னொன்றும் சொன்னான். அந்த ஊசிக்கும் தண்டவாளத்துக்கும் இங்கிலீசில் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியாது, பிழையாக எழுதிச் சிரிப்புக்கு ஆளாக மனமில்லை. அவன் மன்னார்ப் பெடியன். வானொலியில் இங்கிலீசு வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை, எல்லோருக்கும் ஒரே மொழி இருந்தால்தான் வானத்தில் முட்டாமல் போகலாம். ஆனால் 'சீட் வழுக்குது' என்று ஒரு பிள்ளை தமிழிலோ சிங்களத்திலோ எழுதிவைத்தால் அதை மொழிபெயர்க்க உங்கள் அலுவலகத்தில் ஓர் ஆள் கிடைக்காதா?

இருக்கை வழுக்குவது புதிய சங்கதியும் அல்ல. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1987-இலேயே சில வகைச் சிறு விமானங்களின் இருக்கைத் தண்டவாளங்களை 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அளந்து பார்க்கச் சொல்லி உத்தரவு போட்டது. துளை எவ்வளவு தேயலாம், ஊசி எவ்வளவு உள்ளே இறங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. நான் பிறப்பதற்கு முன்பே தெரிந்திருந்த நோய் அது.

சரி, இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

புறப்பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பி வருகிற மாணவனிடம் அந்த நிமிடங்களுக்குக் காசு வாங்காதீர்கள். காரணம் சரியோ பிழையோ வாங்காதீர்கள். அவனுக்குப் பயம் வந்து நிறுத்தினாலும் வாங்காதீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்தையும் 'இது தேவையா' என்று எடைபோட்டுப் பார்த்து, தேவையானதுக்கு மட்டும் கழித்துவிடுகிறோம் என்று ஒரு பள்ளிக்காரர் என்னிடம் சொன்னார். அது போதாது. ஓட்டத்தின் நடுவில், 40 நொட்டில், மாணவனுக்கு இருப்பது இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியில் அவன் மண்டைக்குள் உங்கள் அலுவலகத்துக் காசாளர் உட்கார்ந்திருக்கக் கூடாது.

உங்களுக்குச் செலவு வரும் என்பது தெரியும். விமான எரிபொருளின் விலை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிறுத்தத்துக்கு எவ்வளவு போகும்? ஓடிய தூரம் சில நூறு மீற்றர். இந்தச் சின்ன விமானங்கள் சுமார் 300 மீற்றருக்குள் தரையை விட்டு எழும்பிவிடும், அந்த வேகத்தில் நிறுத்த இன்னுமொரு 200 மீற்றர் போதும். சீனன்குடா ஓடுபாதை 2 கிலோமீற்றருக்கும் மேலே. அங்கே ஒரு பயிற்சி விமானம் ஓடத் தொடங்கி, யோசித்து, நிறுத்தி, மறுபடி ஓடத் தொடங்கவும் இடமிருக்கும். (அந்தப் பாதை வடகிழக்கும் தென்மேற்குமாகக் கிடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வாடைக் காற்றும் கச்சான் காற்றும் வருகிற திசை. போட்டவன் காற்றைக் கேட்டுத்தான் போட்டிருக்கிறான்.)

இடம் குறுகினால் கதை மாறும், வெயில் கூடினாலும் மாறும். விமானத்தின் கணக்கெல்லாம் கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பம் என்று வைத்துத் தொடங்குகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 120 அடி உயரம் கூட்ட வேண்டும். எங்கள் ஊரில் கச்சான் அடிக்கிற காலத்து மத்தியானம் 35 பாகை என்றால் 2,400 அடி. அதாவது சக்கரம் கடற்கரையில் நிற்கிறது, எஞ்சினும் இறக்கையும் மலைநாட்டுப் பதுளையில் நிற்கின்றன. அந்த நேரத்தில் கனமாக ஏற்றிய விமானம் சோம்பல்படும். பாதி ஓடுபாதைக்குள் எழும்பும் வேகத்தில் 70 வீதம் வராவிட்டால் நிறுத்திவிடு என்று பழைய பைலட்மார் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். நல்ல கணக்கு. ஆனால் அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கிய பிள்ளை, நிஜத்தில் 60 வீதத்தில் நிற்கும்போது என்ன செய்யும்? "கொஞ்சம் பார்ப்போம், வந்துவிடும்" என்று நினைக்கும். நானும் நினைத்திருப்பேன்.

எழும்பிய பிறகு எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்பாதே, மூக்கை இறக்கி நேரே முன்னால் இறங்கு என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள். 45 பாகை சாய்த்துத் திருப்பினால் ஸ்டோல் ஆகும் வேகம் 19 வீதம் கூடுகிறது என்று பலகையில் எழுதிக் காட்டுகிறீர்கள். இதெல்லாம் நன்றாகவே நடக்கிறது. தரையில் நிற்கும்போதே விட்டுக்கொடுக்கப் பழகாதவன் மேலே போய் விட்டுக்கொடுப்பானா என்பதுதான் என் கேள்வி. ஆகவே இன்னொரு வேண்டுகோள்: சொல்லாமல் கொள்ளாமல் நடுவோட்டத்தில் "நிறுத்து" என்று சொல்லி, ஒவ்வொரு பிள்ளையையும் அடிக்கடி நிறுத்தப் பழக்குங்கள். முதல் தனிப் பறப்புக்கு முன் ஒன்றிரண்டு தடவை என்ற சடங்கோடு விட்டுவிடாதீர்கள். சில நாள் அவர்களாகவே ஒரு காரணம் சொல்லி நிறுத்தட்டும். அதற்கும் காசு வேண்டாம்.

என் அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். விடியப்புறம் மூன்று மணிக்குப் படகைத் தள்ளி, எஞ்சினைப் போட்டு, ஒரு கல்லெறி தூரம் போய் நின்று, காதைக் குடுத்துக் கேட்பார். சத்தம் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடுவார். என்ன பிடிக்கவில்லை என்று அவருக்கே சொல்லத் தெரியாது சில நாள். மூன்று பேருடைய அன்றைய உழைப்பு போச்சு. ஆனால் கரையில் யாரும் அவரைப் பார்த்து ஒரு சொல் சொன்னதில்லை. மற்றப் படகுக்காரர் ஓடிவந்து கயிறு பிடித்து இழுத்துத் தருவார்கள். எண்ணெய்க் காசைப் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி கணக்கில் எழுதமாட்டார், அது அவருடைய பெருந்தன்மை என்றுகூட யாரும் நினைப்பதில்லை, அப்படித்தான் நடப்பு. படிக்காத ஆட்கள் என்று நீங்கள் சொல்லக்கூடியவர்கள் இவர்கள். நான் விழுந்த அன்று அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்ட ஒரே கேள்வி: "சத்தம் பிடிக்கேல்லை எண்டால் ஏன் போனனி?"

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. 0.3 மணித்தியாலம் என்று சொன்னால் அவருக்கு விளங்கியிருக்கும், அதுதான் சொல்லவில்லை.

விமானப் போக்குவரத்துக்கு நாடுகள் சேர்ந்து செய்த சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆவது இணைப்பை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்து நடக்காமல் பார்ப்பதுதான், பழியோ பொறுப்போ சுமத்துவது இல்லை என்று அதில் இருக்கிறது. சட்டப்படி அது விபத்து விசாரணைகளுக்கு. தேநீர்க் கடையில் அதைச் செல்லுபடியாக்க முடியாது. ஆனால் ஆசிரியர் சிரிக்காமல் இருக்கலாம். என் ஆசிரியர் அன்றைக்குச் சிரிக்காமல், "அவன் செய்ததுதான் சரி, உங்களில் எத்தனை பேர் நிறுத்தியிருப்பீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பெயர் அன்றோடு செத்திருக்கும். இதற்கு உத்தரவும் வேண்டாம், பட்ஜெட்டும் வேண்டாம்.

என் மருமகளுக்கு என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன். கடையில் ஒரு பழைய வான் சீட்டைத் தண்டவாளத்தோடு பலகையில் பூட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காருவாள். பிடியைத் தூக்கு, தள்ளு, விடு, தொடையில் 'டக்', இடுப்பால் ஆட்டு. வேண்டுமென்றே ஒரு துளையை அரத்தால் ராவி முட்டையாக்கி வைத்திருக்கிறேன். எந்தத் துளை என்று அவளுக்குச் சொல்லவில்லை. முதல் நாள் நாலு தடவையில் மூன்று தடவை ஏமாந்தாள். இப்போது ஏமாறுவதில்லை. "மாமா, இது அரை டக்" என்று உடனே கையைத் தூக்குகிறாள்.

கடையில் அவள் கையைத் தூக்கினால் நான் சந்தோஷப்பட்டு ஒரு சோடா வாங்கிக் கொடுக்கிறேன். உங்களிடம் வந்து, பின்னால் இரண்டு விமானம் வரிசையில் நிற்க, மீட்டர் ஓட, அவள் கையைத் தூக்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை அக்காவுக்கு ஒரு கடிதத்தில் எழுதித் தாருங்கள். கட்டண விபரத்தோடு சேர்த்தே அனுப்பலாம். எந்தப் பள்ளி அப்படி எழுதித் தருகிறதோ, அங்கேதான் அவளைச் சேர்ப்பதாக அக்காவும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

அவள் என்னைவிட நல்ல உயரம். குஷன் தேவைப்படாது.

இப்படிக்கு,
முன்னாள் மாணவன் ஒருவன்
திருகோணமலை